வீடியோ அதோடு முடிகிறது

இன்று நிவித்திகல பஸ்ஸில், கார் பந்தய விபத்து வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். கார் குட்டிக்கரணம் போட்டு, தடுப்பில் மோதி நொறுங்குகிறது.

பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புஷ்பா அக்கா. எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயோ! ஓட்டுன பையனுக்கு என்னாச்சு தம்பி?"

"தெரியலக்கா. வீடியோ அதோட முடியுது."

"ஆஸ்பத்திரிக்கு அவன்கூட யாரு போனா?"

லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், யாருக்கு அடிபட்டாலும் நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான். நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் நான் "செம சீன்டா" என்று எழுதி, எல்லா குரூப்புக்கும் அனுப்பியிருந்தேன்.

அக்கா இறங்கும்போதும் விடவில்லை. "தெரிஞ்சா வீட்டுப் பக்கம் வந்து சொல்லு தம்பி."

தேடிப் பார்த்தேன். அதே விபத்து, வேறு வேறு கோணத்தில். அவ்வளவுதான்.

நான் அனுப்பியதற்கு நெருப்பு இமோஜி போட்ட நண்பர்களே, உங்களில் யாருக்காவது தெரியுமா, அவன் பிழைத்தானா? அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.