தோற்றவளுக்குக் காப்பி

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. தேர்தலில் ஜெயித்தவர் மட்டுமல்ல, தோற்றவரும் வீடு வீடாகப் போய் நன்றி சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடித்த மகராசன் ஒரு தடவைகூடத் தோற்றிருக்க மாட்டான்.

ஆரியசாலையில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். மழை வந்தால் கடைகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறுவதைப் பற்றிப் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தவள் நான். "நம்ம மைனிதான் நிக்கணும்" என்று தெருவே என்னைக் கிளப்பிவிட்டது. சுயேச்சையாக நின்றேன். சின்னம் குடை. டெபாசிட் போயிற்று. கிடைத்த ஓட்டு என் சொந்தக்காரர்களின் எண்ணிக்கைக்குக்கூடக் காணாது.

தோல்வியை எப்படியாவது விழுங்கிவிடலாம். யார் போட்டார்கள், யார் கைவிட்டார்கள் என்று தெரியாததுதான் நெஞ்சை அரித்தது. எல்லோரையும் விட, என் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், மனுஷனுக்கு ஒரே கட்சி. எனக்காக வெயிலில் அலைந்தார், நோட்டீஸ் கொடுத்தார், எல்லாம் சரி. ஆனால் ஜெயித்தது அவருடைய கட்சியாயிற்றே! அந்த மெஷின் முன்னால் தனியாக நின்றபோது அவர் விரல் எங்கே போயிற்றோ? கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவர் ஒரு நொடி தயங்கிவிட்டால் என்ன செய்வேன்?

முடிவு வந்த மறுநாள் விடிந்ததும் அவர் எழும்புவதற்கு முன்பே தனியாகக் கிளம்பிவிட்டேன். முதல் வீட்டில் காப்பியும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்தன. பிரசாரத்துக்குப் போனபோது வாசலோடு பேசி அனுப்பிய வீடு அது. அடுத்த வீட்டில் அல்வா. அதற்கடுத்த வீட்டு மலையாளி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரமில்ல சேச்சி, போட்டே. என்டெ வோட்டு சேச்சிக்குத் தன்னே" என்று, போனால் போகட்டும், தன் ஓட்டு எனக்கேதான் என்று அடித்துச் சொல்லி, பழம்பொரியை வாயருகே கொண்டுவந்துவிட்டார்.

பாதித் தெரு தாண்டுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஓட்டுப் போடாதவர்கள்தான் இப்படி விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். பலகாரம் கூடக் கூட எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் எனக்கே போட்டிருந்தால் நான் ஏனம்மா தோற்கிறேன்? நாக்கு நுனிவரை வந்ததை அல்வாவோடு சேர்த்து விழுங்கினேன்.

கடைசியாகத் தெருமுனையில் மிளகாய் வற்றல் கடை நடத்தும் அக்கா. உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வந்துட்டியா? மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வாறா பாரு! இந்த முட்டுவலியோட வரிசையில நின்னு ஒனக்குக் குத்தினேன். நோட்டீசுல ஒரு போட்டா போட்டியே, கொஞ்சம் சிரிச்சா என்ன? எளவு வீட்டுல எடுத்த மாதிரி இருக்கு. பின்ன எவன் போடுவான்?"

காப்பி கிடையாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. எனக்கு அந்த அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஓட்டுப் போட்டவளுக்குத்தானே கோபம் வரும்!

சந்தோஷமாகத் திரும்பி நடந்தவளுக்குப் பாதி வழியில் திக்கென்றது. வீட்டில் அவர் எனக்குக் காப்பி போட்டு வைத்திருந்தால்? அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன். இன்றைக்குப் பார்த்து டம்ளரை நீட்டினால் தீர்ந்தது கதை. பழவங்காடிப் பிள்ளையாரே, இந்த மனுஷன் காப்பி மட்டும் போட்டிருக்கக் கூடாது, உனக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டே படியேறினேன்.

முன்னறையில் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்?"

"நன்றி சொல்லத்தான்."

"நன்றியா? எனக்கு ஆரு சொல்லுவா? வாழ்க்கையில மொதல் தடவ கட்சிய மறந்து குடையில அமுக்கினேன். நேத்து நம்ம ஆளுவ படக்கம் வெடிக்கானுவ, கிட்ட போய் நிக்க முடியுதா எனக்கு? கட்சி ஜெயிச்சும் சந்தோசமில்ல, நீயும் தோத்துட்டு வந்து நிக்க. என் ஓட்டு ரெண்டுக்கும் ஒதவாமப் போச்சு!"

நான் அழுதுவிட்டேன். ஓட்டு எண்ணி முடித்தபோதுகூட வராத அழுகை.

"ஏட்டி, இப்பம் என்னத்துக்கு அழுக?" என்று பதறினார்.

"காப்பி போட்டீங்களா?" என்றேன்.

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? காலையில இருந்து வெறும் வயித்தோட கெடக்கேன். போய்ப் போடு."

போட்டேன். அவருக்குச் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே விழுந்துவிட்டது. அதற்கும் திட்டினார்.

பிள்ளையாருக்கு நேர்ந்தது ஒரு தேங்காய். சாயங்காலம் பழவங்காடியில் இரண்டு உடைத்தேன்.