தொற்றாத கொப்புளம்

தொற்றுமாம்! யார் சொன்னது? பன்னிரண்டு வருடமாக அவளோடு ஒரே பாயில் படுக்கிற புருசன் எமில்ராஜுக்கு ஒரு பரு கூட வரவில்லையே! குருநகரில் றெஜினாவைப் பற்றிக் கதைக்கிற வாய்களுக்கு அது மட்டும் தெரியாது.

அவளுடைய உடம்பே தன் தோலை எதிரியென்று நினைத்து அடிக்கிறது, அதனால்தான் கொப்புளம் போடுகிறது, ஒருவருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரித் தோல் டொக்டர் தெளிவாகச் சொன்னார். ஊர் கேட்டதா? பெரிய வெள்ளியன்று கோயிலில் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றவளைப் பக்கத்து வீட்டுத் திரேசம்மா மறித்தாள்.

"நீ கடைசியாய் வா பிள்ளை. உனக்குப் பிறகு ஆர் அதிலை வாய் வைக்கிறது?"

பாதிரியார் பார்த்துக்கொண்டுதான் நின்றார். றெஜினா வரிசையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. அடுப்பிலே உலை கொதிக்கிற மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தாள்.

புது ஊசி ஒன்றைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று டொக்டர் முன்பே கேட்டிருந்தார். வழக்கமாக விழுங்குகிற குளிசையோடு பாதிப் பேருக்கு அந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது. பயத்தில் நான்கு மாதம் தள்ளிப் போட்டவள், பெரிய வெள்ளி கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகப் பையோடு வாசலுக்கு வந்தாள்.

மதிலுக்கு மேலால் திரேசம்மாவின் தலை தெரிந்தது.

"என்னடி, தண்ணி ஊசிக்கோ வெளிக்கிட்டனி? உன்னை எலி மாதிரி வைச்செல்லோ சோதிக்கப் போறாங்கள்!"

"ஓம் மாமி. எலியையெண்டாலும் அவங்கள் கையாலை தொடுவாங்கள்."

எந்நாளும் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்த கைகள். அன்றைக்கு அரைக்கைச் சட்டையோடு, ஊரே பார்க்கட்டும் என்று வாசற் படலையைத் திறந்துபோட்டுவிட்டு நடந்தாள்.