நீலக் கட்சிக்குப் போன மருமகன்

கல்யாணமாகி நான்கு வருடமாகியும், மாமனார் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "இவர் இந்தியா" என்றுதான் சொல்வார். நான் மதுரைக்காரன், கடல் கடந்து வந்து மிசிசாகா நகரில் கணினி வேலை. அவர் இதே நாட்டில் மோர்னிங்சைடில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மரியாதையில் குறை வைக்கமாட்டார். தேநீர்கூட எனக்கு விருந்தாளிக் கோப்பையில்தான் வரும். ஒருமுறையாவது "எங்கட ஆள்" என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மனைவியின் பிறந்தநாளுக்கு, பழங்கால அரண்மனை மாதிரி கட்டிய ஒரு மண்டபத்துக்குக் குடும்பமாகப் போனோம். குதிரை வீரர்கள் சண்டை போடுவார்கள். நாம் கோழி தின்றுகொண்டே பார்க்க வேண்டும். வாசலில் ஆளுக்கொரு காகிதக் கிரீடம் தருவார்கள். அதன் நிறம்தான் நம் நாடு, அந்த நிறத்து வீரன்தான் நம் வீரன். என் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்கியதால் எல்லோரும் சிவப்பு, நான் மட்டும் நீலம். இங்கேயும் நான் தனி நாடா என்று நொந்துகொண்டேன்.

நீல நாட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பமும் நாலு பிலிப்பினோ ஆண்ட்டிகளும் இருந்தார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும் என்று பணிப்பெண் எச்சரித்தாள். யாரிடம் சொல்கிறாள்! கோழியில் காரம்தான் இல்லை. மாமனார் கோட்டுப் பையில் மிளகாய்த்தூள் இல்லாமல் வெளியே சாப்பிடப் போகாதவர். நடைபாதையைத் தாண்டி வந்து எனக்கும் ஒரு பொட்டலம் தந்துவிட்டுப் போனார். அதை எங்கள் வரிசை முழுக்கச் சுற்றவிட்டேன். அரை மணி நேரத்தில் நாங்கள் ஒரே சாதிசனம்.

கடைசிச் சண்டை நீலத்துக்கும் சிவப்புக்கும். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, மேசைமேல் ஏறாத குறையாக "வெட்டுறா அவனை!" என்று கத்தினேன். சிவப்பு வீரன் குதிரையிலிருந்து விழுந்தான். ஆண்ட்டிகள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மாமனார் விறுவிறுவென்று வந்து, மிச்ச மிளகாய்த்தூளைப் பறித்துக்கொண்டு போனார். நான்கு வருடம் சேர்த்த நல்ல பேரைக் கோழிக்காலும் கையுமாக நின்று தொலைத்துவிட்டேன்.

வெளியே, கார் நிறுத்துமிடத்தில், மாமனாருக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இவர் ஆர்?" என்று கேட்டார்.

"எங்கட மருமகன்," என்றார் மாமனார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "துரோகி. நீலத்தோட சேந்திட்டான்."

காரில் ஏறியதும் மெல்லக் கேட்டேன். "மாமா, அவர்கிட்ட என்னை என்னன்னு சொன்னீங்க?"

"துரோகி எண்டனான்."

"அதுக்கு முன்னாடி?"

"வெளியாளை ஆரும் துரோகி எண்டு சொல்லுவினமே? பேசாமல் காரை எடும்."