குருடி முட்டையும் களத்து வழியும்

ஃபார்மலின் நாற்றம் சோற்றுக் கையை விட்டுப் போகாது. சாம்பல், புளி, சோப்பு... எதைப் போட்டுத் தேய்த்தாலும் ரசத்துக்குள் அதுதான் மணக்கும்.

நாகர்கோவிலில் ஒரு காலேஜ் விலங்கியல் லேபில் அட்டெண்டராகச் சேர்ந்த புதிது. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். அங்கே கிரேஸ் டீச்சர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

சீமையில் சாலமாண்டர் என்றொரு பிராணி. பார்க்கப் பல்லி, பிறப்பால் தவளைக்குச் சொந்தம். குஞ்சாக இருக்கும்போது அதன் கழுத்தோரம் இறகு போலச் செவுள் நிற்கும். பெரிய மண்புழு போலிருக்கும் நம்மூர்க் குருடியும் அந்தச் சொந்தம்தான். காலில்லாமல் மண்ணுக்குள் கிடப்பதால் பாம்பென்று வெட்டிப்போடுகிறோம். இதன் முட்டைக்குள்ளும் அந்த இறகு வளர்கிறதா, எப்போது உதிர்கிறது? உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். டீச்சருக்கு வேறொன்றும் வேண்டாம்.

மழைக்காலம் தோறும் டீச்சரும் நானும் அலைந்து, கடைசியில் பூதப்பாண்டிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் கிடைத்தது. முட்டைகளைச் சுற்றித் தாய் சுருண்டு கிடந்தது. ஈரமண்ணோடு சட்டியில் எடுத்தேன்.

பஸ்ஸுக்குக் குறுக்குவழி ஒரு பண்ணையாரின் களம். வரும்போது ஆளில்லை. திரும்பும்போது நின்றார். பாம்பைக் களத்தில் ஏற்றக் கூடாது என்றார். பாம்பில்லை என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார்.

"பாம்பு இல்லேன்னா நல்லது டீச்சரே. கொண்டு வாறவன் யாருன்னுதான் கேக்கேன்."

என் அப்பன் அவர் வயலில் குனிந்தவன். அவருக்குத் தெரியாதா? டீச்சர் சட்டியோடு களம் வழியே போகலாமாம், பயல் வயலைச் சுற்றி வரட்டுமாம்.

நான் சட்டியை நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை.

"எங்கூட வந்தவன் எங்கூடத்தான் வருவான்."

இருவரும் வரப்பில் இறங்கினோம். மழை விட்ட வெயில் சுட்டது. முந்தானையை நனைத்துச் சட்டியை மூடிக்கொண்டே வந்தார். பஸ் போய்விட்டது. அடுத்தது வருவதற்குள் தாய் சுருளை விட்டு விலகிவிட்டது.

லேபில் பார்த்தால் முட்டைகள் வெளுத்திருந்தன. ஒன்று மட்டும் தெளிவாக...

"மக்கா, மொதல்ல நீ பாரு."

லென்ஸுக்குள் சிவப்பு இறகுகள். அசைந்தன. ரத்தம் ஓடுவது தெரிந்தது. சாயங்காலம் அதுவும் நின்றது. இறகு உதிர்வதைப் பார்க்க ஒரு முட்டையும் மிச்சமில்லை. டீச்சரின் ஆராய்ச்சி அதோடு நின்றது. பிறகு அவர் ஊரை விட்டே போனார்.

இப்போது நாம் மதராஸ் ராஜ்யம். எல்லையே நகர்ந்துவிட்டது. இணைப்பு விழா மேடையில் அந்தப் பண்ணையாரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார். மழை பெய்தால் என் கால் ஓடைக்குத்தான் இழுக்கிறது. போனால் இன்றைக்கும் சுற்றுவழிதான்.

வெளுத்த முட்டைகள் அலமாரி ஜாரில் இருக்கின்றன. வெயிலில் கெட்டவை என்று புது புரொபசர் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்.

ஜாரைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

"வெயில் இல்ல சார்."