மூன்றாம் கணினியின் பெயர்

2004 ஜூன் 7, திங்கட்கிழமை. வழக்கம்போல் காலை ஒன்பதரைக்குப் பட்டுக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்துக்கு வந்தேன். உதவியாளர் முதல் மேசையில் தொடங்கி, ஒவ்வொரு கணினிக்கும் ஊதுவத்தி காட்டிக்கொண்டே சுவிட்சைப் போட்டு முடித்திருந்தார். கணினிகளைக் கவனிப்பது என் பொறுப்பு.

முந்தைய வாரம், பெருமாள் கருட வாகனத்தில் வீதியுலா வரும் கருட சேவை அன்று, ஒரு கட்டுப் புடவைகள் கணினி இருப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அலமாரியிலும் அவை இல்லை. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால், நீக்கிய கணினியின் பெயர் ஒன்றுதான் சாட்சி. அது ‘கவுண்டர்-3’. மூன்றாம் மேசை எழுத்தரை மேலாளர் சனிக்கிழமையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்:

“நான் அன்னிக்கு பில்லு மட்டும்தான் போட்டுக்கினு இருந்தேன் சார். நீங்களாவது பாருங்க.”

பார்த்தேன். கணினிகளுக்குச் சொந்தமாகப் பெயர் கிடையாது. சுவிட்ச் போட்டதும் ஒவ்வொன்றும் இணைப்புப் பெட்டியிடம் ஒரு முகவரி கேட்கும். அந்த முகவரிக்கு எழுதிவைத்த பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொள்ளும். பெட்டியோ கேட்ட வரிசையில்தான் முகவரி கொடுக்கும். தினமும் இரவு மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். உதவியாளர் தினமும் மேசை வரிசையில் போட்டதால் பெயர்கள் பொருந்தின. கருட சேவை அன்று அவர் விடுப்பு. சாமி போகும்வரை தெருவைக் கடக்க முடியாமல், எழுத்தர்கள் அவரவர் வந்து சேர்ந்தபோது தத்தம் கணினியைப் போட்டார்கள்.

மதியம் மேலாளர் முன்னால் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடைசி மேசையிலிருந்து போட்டேன். மூன்றாம் மேசைத் திரையில் வேறு பெயர் வந்தது.

“அப்போ அன்னிக்கு கவுண்டர்-3 யாருபா?”

“தெரியாது சார். பெட்டியில ஒண்ணும் இல்ல.”

“அந்தம்மா இல்லன்னாவது சொல்ல முடியுமா?”

“அதுவும் முடியாது சார். ஆனா அவங்கதான்னும் சொல்ல முடியாதே.”

“கமிட்டிக்கு ஒரு ஆளக் காட்டணும்பா. உன் பேர எழுதட்டுமா?”

நான் எல்லாவற்றையும் மறுபடி அணைத்து, முதல் மேசையிலிருந்து வரிசையாகப் போட்டேன். அவர் அந்தப் பெண்ணின் வேலைநீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஒவ்வொரு கணினியின் இணைப்பு அட்டையிலும் உள்ள, அதற்கே உரிய எண்ணைப் பெட்டியில் பதிந்து, இனி மாறாதபடி முகவரியோடு இணைத்தேன். மூன்றாம் மேசை நாற்காலி காலியாக இருந்தது. அந்தக் கணினியையும் பதிந்தேன்.