தூண்டில்காரரின் கண் ஆபரேஷன்

பம்புசெட் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் நேருக்கு நேர் எல்லாரும் அவரை 'சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவர் 'தூண்டில்'. இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டி, ஜன்னலில்லாத சின்ன அறை அவருடையது. விற்பனைக்காரர்களின் போன்களும் கிடங்கு ஆட்களின் டேப்லெட்டுகளும் சேர்த்து நூற்றுப் பத்து. அவற்றில் ஒன்றில்கூட வைரஸ் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. யார் அப்டேட் போடாமல் நாளைக் கடத்துகிறார், யார் கண்ட இடத்திலிருந்து ஆப் இறக்குகிறார், யார் போனுக்குப் பூட்டே கிடையாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விற்பனைக்காரரின் போனுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று மனிதர் தட்டிவிட்டார். பத்திரிகை திறக்கவில்லை. போனிலிருந்த வாடிக்கையாளர் நம்பரெல்லாம் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கம்பெனி பேரில் அதே பத்திரிகை போனது. மேனேஜர் ஆடிப்போய்விட்டார்.

"இனிமே மாசத்துக்கு ஒரு தடவை நீங்களே ஒரு பொய் மெசேஜ் அனுப்புங்க சார். யாரு மாட்டுறாங்கன்னு பாப்போம்."

மாட்டியவர்களுக்கு ஜன்னலில்லாத அறையில் ஒரு மணி நேர வகுப்பு. பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று விதவிதமாக அனுப்பினார். ஒரு தடவை மேனேஜர் பேரிலேயே சம்பள உயர்வு என்று அனுப்ப, நாற்பது பேர் விழுந்தடித்துக்கொண்டு மாட்டினார்கள். அந்த மாதத்தோடு கேன்டீனில் அவர் பக்கத்து நாற்காலி காலியானது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர் தட்டோடு வந்தால் பேச்சு சுருதி இறங்கும், போன்கள் குப்புறக் கவிழும், அவ்வளவுதான்.

வீட்டிலும் பேச்சுத் துணை இல்லை. கல்யாணம் மூன்று முறை கூடி வந்து தட்டிப்போனது. அக்கா ஒருத்தி, கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள்.

ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. "இருபது நிமிஷ வேலைதான்," என்றார் டாக்டர். "அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா கையெழுத்துப் போடவும் கூட்டிட்டுப் போகவும் ஒருத்தர் வரணும். தனியா வந்தா பண்ண மாட்டோம்."

அக்காவிடம் சொன்னார். "நான் எப்படிடா பறந்து வர்றது? ஆபீஸ்ல அத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தர்கிட்ட வாயத் திறந்து கேக்க மாட்டியா?"

வாயைத் திறப்பதுதான் அவருக்கு வராத காரியம். நாலு தடவை எழுதி அழித்து, செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டார். 'அவசரம். வெள்ளிக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு ஒருவர் வர முடியுமா? ஆஸ்பத்திரி இருக்கும் இடம் கீழே உள்ள லிங்க்கில்.'

இரண்டு நிமிஷத்தில் அவர் கம்ப்யூட்டர் கூப்பிட்டது. ஆவலோடு பார்த்தார். சந்தேகமான மெசேஜைப் புகார் செய்ய அவர்தான் எல்லார் போனிலும் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார். முதல் புகார் வந்திருந்தது, அவர் மேலேயே. மத்தியானத்துக்குள் அறுபத்தேழு. ஒவ்வொரு புகாருக்கும் அவர் பேரில் தானாகவே ஒரு பதில் போய்க்கொண்டிருந்தது: 'சபாஷ்! கவனமாக இருந்தீர்கள்.'

மேனேஜர் மாடியேறி வந்து கை குலுக்கினார். "பிரமாதம் சார்! ஒருத்தர்கூட மாட்டல. கண் ஆபரேஷனாம்! எங்கேருந்து சார் பிடிக்கிறீங்க இதையெல்லாம்?"

நிஜம் என்று சொல்லியிருக்கலாம். "ஏதோ தோணுச்சு சார்," என்றார்.

மேனேஜர் போனபின் அந்த மெசேஜைத் திரும்பப் படித்தார். அவசரம், உதவி, லிங்க். வகுப்பில் போர்டில் எழுதிப் போடும் அத்தனை அடையாளமும் அச்சுப் பிசகாமல் இருந்தது. அவருக்கே வந்திருந்தாலும் பட்டனை அமுக்கியிருப்பார். யார் மேல் கோபப்படுவது?

வியாழக்கிழமை வேலை முடியும் நேரத்தில் கிடங்குக்கு இறங்கிப் போனார். ஸ்டோர்கீப்பர் மட்டும் இருந்தார், கனத்த மனிதர். இவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"மறுபடி கிளாஸா சார்? நான் எதையும் தொடலையே!"

"இல்ல... அந்தக் கண் ஆபரேஷன் மெசேஜ். அது நிஜம்."

ஸ்டோர்கீப்பர் சிரித்தார். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "அடக் கடவுளே! மொதல்ல புகார் பண்ணதே நான்தான் சார்."

"தெரியும். நீங்க பண்ணது சரிதான்," என்றார். "நாளைக்கு... வர முடியுமா?"

"எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "நீங்க இவருக்கு என்ன உறவு?"

"ஒரே இடத்துல வேலை பாக்குறோம்."

"அப்படிப் போட இதுல இடமில்லையே. சொந்தமா, நண்பரா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நண்பர்னே போட்டுக்கம்மா," என்றார் ஸ்டோர்கீப்பர்.

திரும்பும்போது டாக்சியில் ஸ்டோர்கீப்பரே பேச்சை ஆரம்பித்தார். "சார், இப்பல்லாம் பத்திரிகைய போன்லதான் அனுப்புறாங்க. உங்க கிளாஸுக்கு அப்புறம் நான் எதையும் திறக்கிறதில்ல. ரெண்டு கல்யாணம் போகாம விட்டுட்டேன். சொந்தக்காரங்க முறைக்கிறாங்க."

"அனுப்பினவங்களுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க. நீங்கதான் அனுப்பினீங்களான்னு."

"அட, அவ்வளவுதானா?"

வாசலில் இறக்கிவிட்டு, "வீட்ல பாத்துக்க ஆள் இருக்கா சார்?" என்றார்.

"இருக்காங்க, இருக்காங்க," என்று பொய் சொன்னார். ஸ்டோர்கீப்பர் நிம்மதியாக அதே டாக்சியில் போய்விட்டார். உள்ளே போய்த் தலையைச் சாய்த்துச் சொட்டு மருந்தைப் பிழிந்தார். மூன்று சொட்டு கன்னத்தில் விழுந்தது. நாலாவதுதான் கண்ணுக்குப் போனது.

திங்கட்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு கேன்டீனுக்குப் போனார். விஷயம் பரவியிருந்தது. "எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்று நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மேனேஜர் தலையைக் குனிந்தபடி கடந்து போனார். மூன்று நாள் இவர் மேஜையில் ஆள் இருந்தது. புதன்கிழமைக்கு மேல் அவரவர் தங்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. தெளிந்துவிட்ட வலது கண்ணால், எதிர் மேஜைகளில் சிரித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.