கலக்கின மருந்து

எம். புதுப்பட்டியில் நான் சிறிய பட்டாசு ஆலை நடத்துகிறேன். சில வருடங்களுக்கு முன் தீபாவளி ஆர்டருக்காகச் சென்னை போனபோது, மதியம் ஓர் ஓட்டலில் மூலை மேசையாகப் பார்த்துத் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் ஊற்றியதும் செல்போன் அடித்தது. எங்கள் போர்மேன்.

"அக்கா, எல்லாரும் இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பணும்ங்கிறாக. மிச்ச வேலைய நாளைக்குப் பாக்கட்டுமா?"

கலந்த மருந்தை மறுநாளுக்கு வைத்தால் அதுவாகவே தீப்பிடித்துவிடலாம். கோபத்தில், "கலக்குன மருந்து துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. இன்னைக்கே எல்லாத்தையும் முடிச்சிருங்க!" என்று கத்திவிட்டேன்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். அங்கே ஓட்டலில் இருந்தவர்கள், யாருக்கோ விஷம் வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மேனேஜர் ஓடி வந்து என் கைப்பையைப் பிடுங்கி மேசையில் கொட்டினார். சீப்பும் ஆர்டர் நோட்டும் விழுந்தன. விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகும், "தனியா வந்திருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் நம்பர் குடுங்க, அவர் சொல்லட்டும்" என்கிறார்!

பக்கத்து மேசைக்காரர் போனில், "அவன் கையை உடைச்சுப் போடு" என்று கத்திக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினார். அவரிடம் யாரும் மனைவி நம்பர் கேட்கவில்லை.

"பட்டாசு செய்ய லைசென்ஸ் குடுத்த சர்க்காரே எங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கல. சோறு போட நீங்க கேக்கீகளோ?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது வெளியூரில் சாப்பிடும்போது செல்போனை அணைத்துவிடுகிறேன். அன்று போனில் கத்தியது ஒன்றுதான் என் தவறு. இன்றும் தனியாகத்தான் போகிறேன், நடு மேசையாகப் பார்த்து உட்காருகிறேன்.